எல்லா ப்ராஜெக்டும் 'கட்டாயம்' என்றால் வரிசையை எப்படிப் போடுவது?

திட்டமேசை:

நடுத்தர அளவிலான ஒரு வங்கியின் பிஎம்ஓவில் (ப்ராஜெக்டுகளை மேற்பார்க்கும் அலுவலகம்) வேலை. இதுவரை தனித்தனி ப்ராஜெக்டுகளைக் கண்காணித்து வந்தேன். இப்போது மொத்த ஐடி போர்ட்ஃபோலியோவும், அதாவது எல்லா ஐடி ப்ராஜெக்டுகளின் தொகுப்பும், என் தலையில். ஓடிக்கொண்டிருப்பவை மட்டும் அறுபது. கோர் பேங்கிங் (கணக்குகளையும் வட்டியையும் நடத்தும் மைய சிஸ்டம்) அப்கிரேடிலிருந்து ஊழியர்களுக்கான விடுப்பு ஆப் வரை எல்லாம் ஒரே எக்ஸெல்லில் கிடக்கின்றன.

வரிசைப்படுத்த ஒரு மதிப்பெண் முறை ஏற்கனவே உண்டு. வருமானம், ரிஸ்க், வாடிக்கையாளர் அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட்டேஜ். வருடா வருடம் நிரப்பி நிரப்பி எல்லாத் துறைகளும் இதில் கைதேர்ந்துவிட்டன. வருகிற கோரிக்கை எல்லாமே எண்பதுக்கு மேல்தான் வாங்குகிறது. அதிலும் 'ரெகுலேட்டரி' (சட்டம், விதி கேட்பதால் செய்வது) என்று குறித்துவிட்டால் மதிப்பெண்ணே வேண்டாம், நேராக உள்ளே. பட்டியலில் பாதிக்கு மேல் இப்போது ரெகுலேட்டரிதான்.

அடுத்த ஸ்டீரிங் கமிட்டியில் ஒரு முன்னுரிமை வரிசையை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதே வேலையில் இருந்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்? எந்த டூல் வாங்கலாம் என்ற பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

நிலுவைக்கணக்கு:

வரிசைக்கு முன்னால் ஒரு கேள்வி. வருடத்துக்கு எத்தனை ப்ராஜெக்ட் உண்மையிலேயே முடிகிறது? கோ-லைவ் (புதிய சிஸ்டம் பயன்பாட்டுக்கு வந்த நாள்) கேக் வெட்டியதைக் கேட்கவில்லை. டீம் கலைந்து, சப்போர்ட் குழுவிடம் ஒப்படைத்து, பழைய சிஸ்டத்தை அணைத்ததைக் கேட்கிறேன்.

திட்டமேசை:

இருபது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய சிஸ்டத்தை அணைத்தது என்று பார்த்தால் இன்னும் குறையும்.

நிலுவைக்கணக்கு:

சரி, இருபதே இருக்கட்டும். உங்கள் வங்கியில் ஒரு ப்ராஜெக்ட் சராசரியாக மூன்று வருடம் எடுக்கிறது. பிசினஸ் கேஸில் ஒன்பது மாதம் என்று எழுதியிருந்தாலும் கவலையில்லை, மூன்று வருடம்தான்.

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது. வரிசையில் நிற்பவற்றின் எண்ணிக்கை என்பது, அவை வந்துசேரும் வேகத்தை ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. வரத்தும் முடிவும் நீண்ட காலத்தில் ஏறக்குறைய சமமாக இருந்தால் போதும், பொருந்திவிடும். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3. ஒரே நேரத்தில் ஓடுவதை 30 ஆக்கிவிட்டு, முடிவது அதே 20 என்று வைத்தாலும் சராசரி ஒன்றரை வருடமாகிவிடும். யாரும் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், புதிதாக ஆள் எடுக்கவும் வேண்டாம்.

கமிட்டியில் 'யார் முதலிடம்' என்றுதான் சண்டை நடக்கும். 'ஒரே நேரத்தில் எத்தனை' என்று ஒருவரும் கேட்க மாட்டார். நீங்கள் கேட்டுவிடுங்கள்.

கோபோல் கோபால்:

கணக்கு சரி. ஆனால் அறுபதும் ஒரே எடை இல்லை. விடுப்பு ஆப்பை நாளைக்கே நிறுத்தினாலும் கோர் அப்கிரேடு ஒரு நாள்கூட முந்தப் போவதில்லை, அதைச் செய்பவர்கள் வேறு ஆட்கள். அதனால் எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று சின்னதையெல்லாம் வெட்டிவிட்டு உட்காராதீர்கள். எத்தனை ப்ராஜெக்ட் ஒரே ஆட்களிடம் போய் நிற்கின்றன என்று பாருங்கள்.

நான் பார்த்த எந்த வங்கியிலும் வட்டிக் கணக்கீடும் நாள் இறுதி பேட்ச்சும் (அன்றைய கணக்கையெல்லாம் மொத்தமாக முடிக்கும் ஓட்டம்) அடி முதல் நுனி வரை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மொபைல் ஆப், கடன் விண்ணப்பம், டிரெஷரி, ரிப்போர்ட்டிங், எதை எடுத்தாலும் கடைசியில் கோரில் ஒரு இன்டர்ஃபேஸ் மாற்றம் இருக்கும். திட்டத்தில் அது 'பத்து மனித நாள்' என்று ஒரு வரி. அந்தப் பத்து நாள் கிடைப்பதற்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது எந்த வரியிலும் இருக்காது.

அப்புறம் டெஸ்ட் சூழல். கோர் பேங்கிங்கில் சிஸ்டம் தேதி என்று ஒன்று தனியாக ஓடும். நாள் இறுதி பேட்ச் முடிந்தால்தான் அது அடுத்த நாளுக்கு நகரும். வைப்புக் கணக்குக் குழு காலாண்டு வட்டி சரியாக வரவாகிறதா என்று சோதிக்க வேண்டும், ஆகவே பேட்ச் மேல் பேட்ச் ஓட்டி தேதியைக் காலாண்டு முடிவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதே சூழலில் பேமென்ட் குழு வெளி நெட்வொர்க்கின் சோதனைத் தளத்தோடு செய்தி பரிமாறிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் இன்றைய தேதி. இங்கிருந்து போகும் செய்தியெல்லாம் 'தேதி பொருந்தவில்லை' என்று திரும்பி வரும். தேதியைப் பின்னால் தள்ள வழி கிடையாது, பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்ய வேண்டும். செய்தால் வைப்புக் குழு பாடுபட்டு உருவாக்கிய சோதனைக் கணக்குகள் அத்தனையும் போச்சு. அந்த வாரம் இரண்டு ப்ராஜெக்ட் மேனேஜரும் பச்சை, அதாவது எல்லாம் சரி, என்றுதான் ரிப்போர்ட் அனுப்பியிருப்பார்கள், ஏனென்றால் அவரவர் வேலை அவரவர் திட்டப்படி போய்க்கொண்டுதானே இருக்கிறது.

உங்கள் எக்ஸெல்லில் இரண்டு பத்தி சேருங்கள். கோர் குழு எந்த மாதம் தேவை, எந்தச் சூழல் எந்தத் தேதியில் தேவை. வரிசை அதிலேயே பாதி வந்துவிடும்.

பிழைதேடி:

கோபால் சார் சொன்னதற்கு ஒரு கொசுறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புரொடக்ஷன் டேட்டாவை மாஸ்க் செய்து (உண்மையான பெயர், விவரங்களை மறைத்து மாற்றி) யூஏடியில், அதாவது பயனர்கள் சோதிக்கும் சூழலில், புதுப்பிப்பார்கள் இல்லையா, அந்தத் தேதியையும் காலண்டரில் போடுங்கள். மாஸ்கிங்கில் வாடிக்கையாளர் பெயர் மாறும், ஆனால் சில இடங்களில் இரண்டு சிஸ்டத்தில் இரண்டு விதமாக மாறிவிடும். பிறகு ஒரே ஆள் கோரில் ஒருத்தர், கார்டு சிஸ்டத்தில் வேறொருத்தர். அதை ஒட்டவைக்க ஒரு வாரம் போகும்.

புதுக்கணினி:

நல்ல போர்ட்ஃபோலியோ சாஃப்ட்வேர் ஒன்று எடுத்தால் இதெல்லாம் தானாகவே டாஷ்போர்டில்

திட்டமேசை:

நன்றி. முதல் பதிவின் கடைசி வரி.

வட்டிக்குட்டி:

நான் பிசினஸ் பக்கம், கடன் தயாரிப்புகள். 'ரெகுலேட்டரி' ஒட்டு பற்றி எல்லோரும் சிரிப்பதற்கு முன் எங்கள் நிலைமையையும் கேளுங்கள்.

எனக்குத் தேவை, கிளை ஆள் பூர்த்தி செய்யும் கடன் விண்ணப்பத் திரையில் நாலு மாற்றம். வருமானம் கூடும், கணக்கும் காட்டினேன். இரண்டு வருடமாக வரிசையில் நிற்கிறது. பக்கத்துத் துறை அதே திரையில் அதே மாதிரி மாற்றத்தை 'வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு விதிக்காக' என்று எழுதினார்கள், மூன்று மாதத்தில் முடிந்தது. அடுத்த முறை நான் எதை எழுதுவேன்? கோரிக்கைக்கு ஒரே ஒரு வாசல் திறந்திருந்தால் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் வருவார்கள். அதைப் பூட்டுவதற்கு முன் இன்னொரு வாசலைத் திறந்துவையுங்கள். இல்லையென்றால் நாங்களே எக்ஸெல் மேக்ரோவில் ஒரு குட்டி சிஸ்டம் கட்டிக்கொள்வோம், அப்புறம் தணிக்கையில் அது வந்து நிற்கும்.

தணிக்கைக்கண்:

ஏற்கனவே வந்து நிற்கிறது, வட்டிக்குட்டி :)

ரெகுலேட்டரி ஒட்டுக்கு நான் கேட்கும் கேள்விகள் இரண்டே. எந்த விதியின் எந்தப் பிரிவு? அந்தப் பிரிவு என்ன தேதிக்குள் என்ன கேட்கிறது? பெரும்பாலும் முதல் கேள்விக்குப் பதில் வரும், இரண்டாவதில் முகம் மாறும்.

உண்மையான கெடு எப்படி இருக்கும் என்று பாருங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை டி பிளஸ் 1 செட்டில்மென்டுக்கு (வர்த்தகம் நடந்த அடுத்த வேலை நாளிலேயே கணக்குத் தீர்ப்பது) 2024 மே 28 அன்று மாறியது. ஒரு நிறுவனம் தயாராகவில்லை என்பதற்காக அந்தத் தேதி நகர்ந்திருக்காது. நாடு கடந்த பேமென்ட் செய்திகளில் பழைய எம்டி வடிவமும் புதிய தரமான ஐஎஸ்ஓ 20022-உம் சேர்ந்து ஓடிய காலம் 2025 நவம்பரில் முடிந்தது. ஐரோப்பாவில் நிதி நிறுவனங்களின் டிஜிட்டல் உறுதிப்பாட்டுக்கான டோரா சட்டம் 2025 ஜனவரி 17 முதல் அமலில் இருக்கிறது. இவற்றை வரிசையில் வைத்து விவாதிக்க ஒன்றுமில்லை, தேதியிலிருந்து பின்னோக்கி ஆட்களை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

இன்னொரு வகை இருக்கிறது. ரிஸ்க் தரவுகளை எப்படித் திரட்ட வேண்டும் என்று வங்கி மேற்பார்வைக்கான சர்வதேச அமைப்பான பாசல் குழு 2013 ஜனவரியில் பிசிபிஎஸ் 239 என்ற கோட்பாடுகளை வெளியிட்டது. உலகின் மிகப் பெரிய வங்கிகளுக்கு 2016 ஜனவரி வரை அவகாசம். 2023 நவம்பரில் அதே குழு மதிப்பிட்டபோது, 31 வங்கிகளில் முழுமையாக நிறைவேற்றியவை 2 மட்டுமே. இந்த மாதிரி விதிக்குக் 'கட்டாயம், உடனே, முழு பட்ஜெட்' என்று ஒரே ப்ராஜெக்டாக எழுதினால் அது முடியவே முடியாது, பத்து வருடம் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்து எல்லோருடைய ஆட்களையும் தின்றுகொண்டிருக்கும். அதைத் துண்டு போட்டு, இந்த வருடம் எந்த ரிப்போர்ட்டின் எந்தத் தரவு சரியாகும் என்று எழுதி வாங்குங்கள்.

விதி கேட்டதற்கு மேலே ஏற்றி வைத்திருக்கும் சுமையைப் பிரித்துவிட்டால், அந்த மேல்சுமை மற்றவர்களோடு வரிசையில் நிற்கட்டும். நான் பார்த்தவரை பல 'ரெகுலேட்டரி' ப்ராஜெக்டுகளில் விதி கேட்ட பகுதி சின்னது, மீதியெல்லாம் 'எப்படியும் திறக்கிறோமே, இதையும் சேர்த்துவிடலாம்' வகை.

பேரேடு:

நிதித்துறையிலிருந்து ஒரு குரல். நிறுத்த வேண்டிய ப்ராஜெக்டுகள் ஏன் நிற்பதில்லை என்பதற்கு நீங்கள் யாரும் தொடாத காரணம் ஒன்று உண்டு.

ஐஏஎஸ் 38 என்ற சர்வதேசக் கணக்கியல் தரத்தின்படி, ஆராய்ச்சிக் கட்டச் செலவு உடனே லாப நட்டத்தில் போய்விடும். உருவாக்கக் கட்டச் செலவு, நிபந்தனைகள் நிறைவேறினால், சொத்தாக ஏறும். பயிற்சிச் செலவு, பராமரிப்பு எல்லாம் சொத்தில் சேராது. ஆக, இரண்டு வருடமாக ஓடும் ஒரு பெரிய ப்ராஜெக்டின் செலவில் பெரும்பகுதி பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகப் படுத்திருக்கும், இந்த வருட லாபத்தைத் தொடாமல். அதை நிறுத்தினால் அன்றைக்கே மொத்தமும் நட்டமாக எழுதித் தள்ள வேண்டும். ஸ்பான்சரின் (ப்ராஜெக்டுக்குப் பொறுப்பேற்ற மேலதிகாரி) போனஸ் வருடத்தில் அந்த அடி விழும். ஆக அவருக்கு எது லாபம்? இன்னும் கொஞ்சம் பணம் கேட்டு இன்னொரு வருடம் தள்ளுவதுதான். பணம் வீணாவது ஒன்றேதான், ஆனால் யார் கணக்கில் எந்த வருடம் தெரிகிறது என்பது வேறு.

திட்டமேசை, உங்கள் பட்டியலில் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் நேரே 'இதுவரை சொத்தாக ஏறியது' என்ற தொகையை எங்களிடம் கேட்டு வாங்குங்கள். கமிட்டியில் யார் ஏன் கடுமையாக எதிர்க்கிறார் என்பது அதைப் பார்த்தால் ஓரளவு முன்கூட்டியே விளங்கும். நிறுத்தப் பரிந்துரைக்கும் முன் நிதித்துறைத் தலைவரோடு பேசி, எந்தக் காலாண்டில் தாங்கும் என்று கேளுங்கள். இதைச் செய்யாமல் கமிட்டியில் திடீரென்று 'நிறுத்தலாம்' என்றால், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நன்மைக் கணக்கைப் பற்றி ஒரே வரி: 'நாற்பது பேரின் நேரம் மிச்சம்' என்று எழுதுபவரிடம், எந்தத் துறையின் அடுத்த வருட பட்ஜெட்டில் எவ்வளவு குறைக்கட்டும் என்று கேளுங்கள்.

பிழைதேடி:

பேரேடு சொன்ன 'இன்னொரு வருடம் தள்ளு' மட்டுமல்ல, 'எப்படியாவது இந்தத் தேதிக்குள் முடி' என்பதும் அதே அளவு ஆபத்து. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். முன்னாள் உரிமையாளரான லாயிட்ஸ் வங்கியின் சிஸ்டத்திலிருந்து அப்போதைய தாய் நிறுவனமான சபாடெல்லின் தளத்துக்கு 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் மாறினார்கள். தரவு சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. தளம்தான் தாங்கவில்லை. நிலைமை முழுவதும் சீராக அந்த வருட டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் ரெகுலேட்டர்கள் 4.865 கோடி பவுண்ட் அபராதம் போட்டார்கள். அடுத்த வருடம் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனியாக 81,620 பவுண்ட்.

சுதந்திரமாக நடந்த விசாரணை அறிக்கையில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடம் இதுதான்: இரண்டு டேட்டா சென்டர்கள் இருந்தன, சுமைச் சோதனை நடந்தது ஒன்றில் மட்டும். முடிவுத் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கித் திட்டம் போட்டதும் அதில் குறையாகச் சொல்லப்பட்டது. தணிக்கைக்கண் 'தேதியிலிருந்து பின்னோக்கி' என்று எழுதியதைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்தது.

தணிக்கைக்கண்:

நியாயமான குத்து. வெளியில் இருந்து சட்டம் வைக்கும் தேதிக்குத்தான் நான் அப்படிச் சொன்னேன். அதிலும் பின்னோக்கிப் போட்ட திட்டம் உண்மையான ஆட்கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால், தேதியை விட முடியாத நிலையில் வேலையின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு ப்ராஜெக்டிலிருந்து ஆட்களை எடுக்க வேண்டும். டிஎஸ்பியின் தேதியைச் சட்டம் வைக்கவில்லை. ஏற்கனவே 2017 நவம்பரிலிருந்து அவர்களே தள்ளிவைத்ததுதான்.

கோபோல் கோபால்:

டிஎஸ்பியை எல்லோரும் டெஸ்டிங் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது போர்ட்ஃபோலியோ கதை. அவ்வளவு பெரிய ஒன்றை ஒரே கட்டமாகச் செய்வது என்று முடிவெடுத்த கூட்டத்திலேயே பாதி ரிஸ்க் உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு டெஸ்டர் தலைகீழாக நின்றாலும் குறைக்க முடிந்த அளவு கொஞ்சம்தான்.

மேலே நிலுவைக்கணக்கு 'பழைய சிஸ்டத்தை அணைத்தது' என்று ஒரு வார்த்தை போட்டாரே, அதற்கு வருகிறேன். நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய திட்டம் ஒன்று அன்று தொடங்குகிறது, அதற்காகப் புதிய கோட். எட்டு சர்வர்களில் ஏழில் ஏற்றினார்கள், ஒன்றில் விட்டுப்போயிற்று. அந்த ஒன்றில் பல வருடமாகப் பயன்படுத்தாத பழைய கோட் அப்படியே கிடந்தது. புதிய கோட் பயன்படுத்திய அதே கொடி (எந்தக் கோட் ஓட வேண்டும் என்று சொல்லும் ஃப்ளாக்) அந்தப் பழையதை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடம், 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். நிறுவனம் தனியாக நிற்கும் வலுவையே இழந்தது.

அந்தப் பழைய கோடை நீக்கும் வேலையை ஒரு ப்ராஜெக்டாக எழுதி உங்கள் மதிப்பெண் முறையில் போட்டால் எவ்வளவு வாங்கும்? வருமானம் பூஜ்யம், வாடிக்கையாளர் அனுபவம் பூஜ்யம். எந்த வருடமும் வராது. அதனால் பழையதை அணைப்பதைத் தனி ப்ராஜெக்டாக விடவே கூடாது, புதியதைக் கொண்டுவரும் ப்ராஜெக்டின் முடிவு நிபந்தனையாகவே எழுதிவிட வேண்டும். அணைக்கும்வரை அந்த ப்ராஜெக்ட் 'ஓடுகிறது' என்றே கணக்கு. ஸ்பான்சருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

நிலுவைக்கணக்கு:

பராமரிப்பு வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முன்னுரிமையை வெளியாள் போட்டுக் கொடுப்பார். சேவை அடுத்தடுத்துத் தடைபட்டதால் 2023 நவம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் டிபிஎஸ் வங்கியிடம் அவசியமற்ற ஐடி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தச் சொன்னது. 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கியின் புதிய டிஜிட்டல் அறிமுகங்களையும் புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர் சேர்ப்பையும் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது; கார்டுக்கான தடை 2021 ஆகஸ்டில் தளர்ந்தது, டிஜிட்டல் தடை நீங்க 2022 மார்ச் ஆயிற்று. பராமரிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைக்க மறுக்கும் கமிட்டியிடம் இந்த இரண்டையும் காட்டுங்கள். எந்த வங்கியின் போர்டும் இதைப் பார்த்துவிட்டு அலட்சியமாகத் தாண்டிப் போகாது.

வட்டிக்குட்டி:

எல்லாம் சரி, பராமரிப்புக்கு ஒரு பங்கு, சட்டத்துக்கு ஒரு பங்கு, கோர் குழுவுக்கு ஒரு காலண்டர். மீதி இருக்கிற இடத்தில்தானே நான்? அந்த மீதிக்குள் என் திரை மாற்றமும் சில்லறை வங்கியின் பிரம்மாண்ட ஆப்பும் எப்படிப் போட்டியிடும்? அங்கே பணம் பெரியது, என்னுடையது சின்னது. எப்போதும் நான்தான் கடைசி.

நிலுவைக்கணக்கு:

அங்கே மொத்தப் பணத்தை ஒப்பிடாதீர்கள். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு இழப்பு என்று பாருங்கள், அதை அந்த வேலை கோர் குழுவை எத்தனை வாரம் பிடித்து வைக்கிறது என்பதால் வகுங்கள். ஆப் மாதம் 100 தருகிறது, கோர் குழுவை 50 வாரம் பிடிக்கிறது என்றால் வாரத்துக்கு 2. உங்கள் திரை மாதம் 8 தருகிறது, 2 வாரம் பிடிக்கிறது என்றால் 4. நீங்கள் முதலில். ஆப் இரண்டு வாரம் தள்ளும், அவ்வளவுதான். மொத்தக் கால அளவை வைத்து வகுப்பவர்கள் உண்டு, வங்கியில் நெருக்கடி கோரில் இருக்கும்போது அந்த வாரத்தை வைத்து வகுப்பதுதான் பொருந்தும்.

பேரேடு:

அந்த '8'-ஐ எங்கள் துறை சரிபார்த்த பிறகு :)

திட்டமேசை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் இதை வைத்து வேலை செய்தேன். கோபால் சார் சொன்ன பத்திகளைச் சேர்த்ததும் அறுபதில் இருபத்தெட்டு கோர் குழுவைத் தொடுவது தெரிந்தது, அதில் பதினொன்று ஒரே காலாண்டில். தணிக்கைக்கண்ணின் கேள்விகளை அனுப்பினேன். 'ரெகுலேட்டரி' என்று குறித்தவர்களில் பலர் பிரிவு எண்ணைத் தந்தார்கள், தேதி தந்தவர்கள் சிலரே. இரண்டு பேர் ஒட்டைத் தாங்களாகவே எடுத்துவிட்டார்கள்.

கமிட்டிக்கு ஒன்று முதல் அறுபது வரை வரிசை கொண்டுபோகப் போவதில்லை. கோர் தொடுகிற இருபத்தெட்டுக்கு மட்டும் வரிசை, ஒரே நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது என்ற வரம்பு, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது உள்ளே. கோரைத் தொடாதவற்றை அந்தந்தத் துறையே தன் பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளட்டும். வட்டிக்குட்டி மாதிரியானவர்களின் சின்ன மாற்றங்களுக்கு மாதம் ஒரு வாரம் கோர் குழுவில் தனியாக ஒதுக்கீடு கேட்கிறேன்.

நிற்கப் போகிற பெரிய ஒன்று கடன் துறையுடையது. நாளை அதன் தலைவரைத் தனியாகப் பார்க்கிறேன்.

வட்டிக்குட்டி:

அவரிடம் 'நிறுத்துகிறோம்' என்று தொடங்கினால் அறையை விட்டு வெளியே வருவதற்குள் மேலிடத்துக்கு போன் போய்விடும். அவருடைய மற்ற ப்ராஜெக்டுகளுக்குக் கோர் குழு எந்த மாதம் கிடைக்கும் என்ற தேதியைக் கையில் கொண்டுபோங்கள். இவ்வளவு நாளாக அவருக்கு யாரும் தேதியே தந்ததில்லை.

கோபோல் கோபால்:

அந்தத் தேதியைச் சொல்வதற்கு முன் வருட இறுதி ஃப்ரீஸை (சிஸ்டத்தில் மாற்றம் எதையும் அனுமதிக்காத காலம்) கழித்துவிட்டீர்களா என்று பாருங்கள். அதில் ஆறு வாரம் போகும். எட்டு என்ற வரம்பும் கொஞ்சம் தாராளம்தான், ஆறில் தொடங்குங்கள்.